கேம்பர் வேன் நிறுத்த இடம் உள்ள வீடு வேண்டுமா? மட்டாஞ்சேரியில் முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வேலை காக்கநாடு இன்போபார்க்கில். வார இறுதி வந்தால் வாகமண், மூணாறு. ஒரு கேம்பர் வேன் வைத்திருக்கிறீர்கள், அல்லது சீக்கிரம் வாங்கப் போகிறீர்கள். கூடவே சொந்த வீடும் தேடுகிறீர்கள். மட்டாஞ்சேரியில் ஓட்டுக்கூரையும் மரப்படியும் உள்ள ஒரு பழைய வீடு மனதுக்குப் பிடித்துவிட்டது. புரோக்கர் சொல்கிறார்: "பார்க்கிங் இருக்கு சார். பத்தலைன்னா பக்கத்துல ஒரு ஷெட் போட்டுக்கலாம்."

இந்த இரண்டு வாக்கியங்களையும் நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். 'பார்க்கிங் இருக்கு' என்று அவர் சொல்வது காருக்கான இடத்தை. 'ஷெட் போட்டுக்கலாம்' என்பது மட்டாஞ்சேரியின் பல தெருக்களில் சட்டம் அனுமதிக்காத காரியம். வாங்கும்போதே வேனுக்கு இடம் இல்லாத வீட்டில், பிறகு அந்த இடத்தை உருவாக்குவது இங்கே மிகக் கடினம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வேனை அளந்து பாருங்க

இந்தியாவில் கேம்பர் வேன்கள் பெரும்பாலும் டெம்போ டிராவலர் வகை வண்டிகளின் மேல்தான் கட்டப்படுகின்றன. அந்த வண்டியின் அளவையும், நம் கட்டட விதிகள் சொல்லும் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிரச்சினை புரிந்துவிடும்.

- டிராவலர் வகை வேன்: வீல்பேஸைப் பொறுத்து நீளம் ஏறக்குறைய 5 முதல் 7 மீட்டர். அகலம் 2 மீட்டருக்குச் சற்று மேல், பக்கக் கண்ணாடிகள் தனி. உயரம் 2.5 மீட்டருக்கு மேல்.
- தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019: ஒரு கார் நிறுத்தும் இடம் 2.5 × 5 மீட்டர்.
- தேசியக் கட்டட நெறிமுறை: தனி வீட்டு கராஜ் குறைந்தது 3 × 6 மீட்டர், உயரம் குறைந்தது 2.4 மீட்டர்.

6 மீட்டர் வேனை 5 மீட்டர் இடத்தில் நிறுத்தினால் 1 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அபார்ட்மென்ட்டில் அது அடுத்தவர் வழி. தெருவோர வீட்டில் அது பொதுச் சாலை.

ஆனால் பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவது உயரத்தைத்தான். விதிப்படி 2.4 மீட்டர் உயரத்தில் கட்டிய கராஜில் 2.5 மீட்டர் வேன் நுழையாது. வேனின் கூரையில் ஏசி, சோலார் பேனல், கேரியர் என்று வைக்கும் ஒவ்வொன்றும் உயரத்தைக் கூட்டும். பேஸ்மென்ட் பார்க்கிங்கிலும் குறைந்தபட்ச உயரம் அதே 2.4 மீட்டர்தான். அதிலும் குறுக்கே ஓடும் பீம், தீயணைப்புக் குழாய், கழிவுநீர்க் குழாய் ஆகியவை இன்னும் கொஞ்சம் உயரத்தைத் தின்றுவிடும்.

அப்படியானால் எவ்வளவு இடம் தேவை? 6.5 மீட்டர் வேனை எடுத்துக்கொள்வோம். முன்னால் அரை மீட்டர், பின்கதவு திறந்து ஆள் நிற்க 1 மீட்டர் சேர்த்தால் நீளம் 8 மீட்டர். பக்கக் கதவு திறந்து ஏறி இறங்க வசதி வைத்தால் அகலம் 3.5 மீட்டர். மொத்தம் 28 சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர் என்பதால், வேனுக்கு மட்டும் ஏறத்தாழ 0.7 சென்ட் போய்விடும். 4 சென்ட் மனையில் இது ஆறில் ஒரு பங்குக்கு மேல். சென்ட் விலையோடு இதைப் பெருக்கிப் பாருங்கள். வேன் நிற்கும் இடத்துக்கு மட்டும் நீங்கள் கொடுக்கும் விலை அதுதான்.

வீட்டில் இடம் இருக்கு. தெருவில் வண்டி திரும்புமா?

மட்டாஞ்சேரி துறைமுக வணிகத்தால் வளர்ந்த ஊர். பஜார் சாலையின் மசாலாக் கிடங்குகள், 1555-இல் போர்ச்சுகீசியர் கட்டி பின்னர் டச்சுக்காரர்கள் புதுப்பித்த அரண்மனை, 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம், இவற்றைச் சுற்றி நெருக்கமாக அமைந்த தெருக்கள். கைவண்டிக்கும் மாட்டுவண்டிக்கும் உருவான இந்தத் தெருக்களில்தான் இன்று சரக்கு லாரி, ஆட்டோ, சுற்றுலா வண்டி எல்லாம் போகின்றன.

ஆகவே கேட்டின் அகலம் மட்டும் போதாது. ஒரு நீளமான வேன் 90 டிகிரி திரும்பிக் கேட்டுக்குள் நுழைய, கேட்டுக்கு எதிரே தெருவிலும் அகலம் வேண்டும். தெரு குறுகலாக இருந்தால் கேட்டை அந்த அளவுக்குக் கூடுதல் அகலமாக வைக்க வேண்டியிருக்கும். மேலே தொங்கும் மின்கம்பி, கேபிள் டிவி வயர், நீட்டிக்கொண்டிருக்கும் பழைய பால்கனி ஆகியவற்றின் உயரத்தையும் பாருங்கள். பழைய கிடங்குகளின் கதவு அகலமாக இருந்தாலும் நிலைப்படியின் மேல் உத்தரம் தாழ்வாக இருக்கலாம்.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. உங்களிடம் வேன் இன்னும் இல்லை என்றால், அதே நீளத்தில் ஒரு டிராவலரை டிரைவரோடு ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். வாரநாளில், கிடங்குகளில் சரக்கு ஏற்றி இறக்கும் நேரத்தில், வீட்டு வாசல் வரை போய் உள்ளே நுழைந்து வெளியே வரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆளில்லாத தெருவைப் பார்த்து முடிவு செய்தால், திங்கட்கிழமை கஷ்டம்தான்.

சரி, ஒரு ஷெட் போட்டா என்ன தப்பு?

கூரையும் தூணும் உள்ள கராஜ் சட்டத்தின் பார்வையில் ஒரு கட்டுமானம். கொச்சி மாநகராட்சியின் அனுமதி தேவை. அனுமதி இல்லாத கட்டுமானத்தை இடிக்க உத்தரவிடும் அதிகாரம் கேரள முனிசிபாலிட்டி சட்டத்தின் 406-ஆம் பிரிவில் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் மாநகராட்சியோடு விஷயம் முடிவதில்லை. உங்கள் மனை எந்த எல்லைக்குள் வருகிறது என்று இன்னும் மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்.

ஒன்று, தொல்லியல் எல்லை. மட்டாஞ்சேரி அரண்மனை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். பழங்கால நினைவுச்சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தப்படி, இத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே முன் அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். மொத்தம் 300 மீட்டர். சுற்றுலாப் பயணிகள் தேடி வரும் யூதத் தெரு இந்த வட்டத்துக்குள்தான் வருகிறது.

100 மீட்டருக்குள் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடத்தைப் பழுதுபார்க்க, புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். புதிதாக ஒரு கராஜ் எழுப்புவது அந்தக் கணக்கில் வராது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏற்கெனவே வண்டி நுழையும் அளவு கூடம் உள்ள பழைய கட்டடத்துக்கு இங்கே தனி மதிப்பு இருப்பது இதனால்தான்.

இரண்டு, கடலோர ஒழுங்குமுறை மண்டலம். சிஆர்இசட் என்றதும் பலருக்குக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். ஆனால் கடலின் ஏற்ற இறக்கம் எட்டும் காயலுக்கும் ஓடைக்கும்கூட இது பொருந்தும். 2019 அறிவிக்கையின்படி, அத்தகைய நீர்நிலைகளின் கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர், அல்லது அந்த நீர்நிலையின் அகலம், இரண்டில் எது குறைவோ அதுவரை இந்த மண்டலம். கட்டடங்கள் நிறைந்த நகர்ப்பகுதியாக வகைப்படுத்திய இடங்களில், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக மட்டுமே கட்டலாம். காயல் பக்கம் திறந்திருக்கும் பழைய கிடங்கை வாங்கி, நீர்ப்பக்கம் ஷெட் போடலாம் என்று நினைத்தால் அது இங்கே தடைபடும்.

மூன்று, நிலத்தின் வகை. இது மட்டாஞ்சேரியைவிட, 'இங்க வேண்டாம், கொச்சிக்கு வெளியே பெரிய மனையா வாங்கலாம்' என்று நினைப்பவர்களுக்கு முக்கியம். கேரள நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008-இல் வந்தது. வருவாய்த் துறையின் அடிப்படை வரிப் பதிவேட்டில் உங்கள் மனை 'புரயிடம்' என்று இருந்தால் அது வீட்டுமனை. 'நிலம்' என்று இருந்தால் வயல். நேரில் பார்க்க மண் நிரப்பி, தென்னை நட்டு, மனை போலவே இருக்கும். பதிவேடு வேறு சொல்லும். தமிழில் நாம் எல்லாவற்றையும் நிலம் என்கிறோம். கேரள வருவாய் ஆவணத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தால் மட்டும் உடனே வக்கீலிடம் கேளுங்கள்.

இவற்றோடு, ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி பகுதிகளில் பாரம்பரியக் கட்டடங்களுக்கான கட்டுப்பாடுகளும் உண்டு. உங்கள் வீட்டின் முகப்பை இடித்துக் கேட்டை அகலப்படுத்த முடியுமா என்பதை மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுவது நல்லது.

இதையெல்லாம் யாராவது நிஜமா அமல்படுத்துறாங்களா?

மட்டாஞ்சேரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் மரடு இருக்கிறது. அங்கே சிஆர்இசட் விதியை மீறிக் கட்டியதாக நான்கு அடுக்குமாடி வளாகங்களை இடிக்க உச்ச நீதிமன்றம் 2019 மே 8-இல் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்து அவை தகர்க்கப்பட்டன. உள்ளாட்சி அமைப்பு கொடுத்த கட்டட அனுமதி அந்தக் குடியிருப்புகளுக்கு இருந்தது. அதை நம்பித்தான் முந்நூறுக்கும் மேற்பட்ட ஃபிளாட்களை மக்கள் வாங்கியிருந்தார்கள். இடைக்கால இழப்பீடாக ஒவ்வொருவருக்கும் 25 லட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் சொன்னது.

ஒரு வேன் ஷெட்டுக்கு வெடிமருந்து தேவைப்படாது. ஆனால் கணக்கு அதேதான்: உள்ளாட்சியின் கையெழுத்து ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

ஃபிளாட் என்றால்: 'கராஜ்' என்ற சொல்லுக்கு அர்த்தம் உண்டு

பழைய வீட்டை விட்டுப் புது அபார்ட்மென்ட் பார்ப்பவர்கள், விளம்பரத்தில் வரும் 'கவர்டு பார்க்கிங்', 'ஓபன் பார்க்கிங்', 'கராஜ்' மூன்றும் ஒன்று என்று நினைக்கக் கூடாது. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, கராஜ் என்பதற்கு வரையறை தருகிறது: கூரையும் மூன்று பக்கம் சுவரும் கொண்ட, வண்டி நிறுத்தும் இடம். திறந்தவெளிப் பார்க்கிங் அதில் சேராது. அது எல்லோருக்கும் உரிய பொதுப் பகுதி.

இதற்கு முன்பே, 2010 ஆகஸ்ட் 31-இல், மகாராஷ்டிர ஃபிளாட் சட்டத்தின் கீழ் வந்த நஹல்சந்த் லாலுசந்த் வழக்கில், தூண்களுக்கு இடையே உள்ள ஸ்டில்ட் பார்க்கிங்கைக் கட்டுமான நிறுவனம் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உங்களுக்கு இது ஏன் முக்கியம்? திறந்தவெளியில் 'ஓரமா பெரிய இடம் இருக்கு, உங்க வேனை அங்க விட்டுக்கலாம்' என்று விற்பனைப் பிரதிநிதி வாய்வார்த்தையாகச் சொல்வார். அந்த இடம் அவர் விற்கக்கூடியது அல்ல. நாளைக்குக் குடியிருப்போர் சங்கம் வந்து 'வேனை எடுங்க' என்று சொன்னால் உங்களிடம் காட்டக் காகிதம் இருக்காது.

ரெராவில் பதிவு செய்யும்போது, விற்பனைக்கு உள்ள கராஜ்கள் எத்தனை, அவற்றின் பரப்பளவு என்ன என்று கட்டுமான நிறுவனம் தெரிவிக்க வேண்டும். கேரள ரெராவின் இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் விவரங்களைத் திறந்து பாருங்கள். விலை ஒப்பந்தத்தில் உங்கள் கராஜின் எண், நீளம், அகலம், தடையில்லா உயரம் நான்கும் இருக்கட்டும். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது 13-ஆம் பிரிவு. விளம்பரத்தில் சொன்னது பொய்யாகி உங்களுக்கு நஷ்டம் ஏற்பட்டால் இழப்பீடு கேட்க 12-ஆம் பிரிவு. ஆகவே அந்த பிரோஷரைத் தூக்கிப் போடாதீர்கள்.

வேனின் காகிதம் சரியா?

ஆர்சி சிக்கலில் உள்ள வேனுக்கு லட்சக்கணக்கில் செலவழித்து இடம் வாங்கிப் பயனில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில், 'இ புல் ஜெட்' யூடியூப் சேனலின் 'நெப்போலியன்' வேனை மோட்டார் வாகனத் துறை பறிமுதல் செய்த செய்தி பலருக்கு நினைவிருக்கும்.

மோட்டார் கேரவன்களுக்கு ஏஐஎஸ் 124 என்ற தனித் தரநிலை இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன் என்று ஒரு வாகன வகையும் பதிவுமுறையில் உண்டு. அங்கீகாரம் பெற்றவர் கட்டிய வண்டியா, ஆர்சியில் எந்த வகை என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கோவையிலோ சென்னையிலோ பதிவான வண்டியைக் கொச்சிக்குக் கொண்டுவருகிறீர்களா? 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் வாங்க வேண்டும். முதலில் பழைய ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று. கேரள வாகன வரியையும் வீட்டு பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடமே கிடைக்கலைன்னா?

தெருவில் விடுவதை முதல் வழியாக நினைக்காதீர்கள். கேம்பர் வேன் மாதத்தில் சில நாள்தான் ஓடும். மீதி நாளெல்லாம் நிற்கும். பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விட்ட வண்டியை இழுத்துச் செல்லக் காவல்துறைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஜப்பானில் நிலைமையே வேறு. 1962-இல் வந்த சட்டப்படி, நிறுத்த இடம் இருப்பதைக் காவல்துறையிடம் நிரூபித்த பிறகுதான் பொதுவாக அங்கே காரைப் பதிவு செய்ய முடியும். நம் நாட்டில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதனால் அந்தக் கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேரள அரசு 2021 செப்டம்பரில் 'கேரவன் கேரளா' கொள்கையை அறிவித்ததே, அது உதவாதா என்று கேட்கலாம். அது சுற்றுலாத் தொழிலுக்கானது. கேரவன் பூங்கா அமைக்கக் குறைந்தது 50 சென்ட் நிலம் வேண்டும் என்கிறது. முதல் பூங்கா 2022-இல் வாகமணில் வந்தது. பயணத்தில் இரவு தங்க அவை உதவும். வீட்டு வேனை ஆண்டு முழுக்க நிறுத்த அல்ல.

நடைமுறையில் உதவுவது, வீட்டையும் வேனையும் பிரித்து யோசிப்பது. மட்டாஞ்சேரியில் பிடித்த வீட்டை வாங்குங்கள். வேனுக்கு, பெரிய சாலையை ஒட்டிய இடத்தில் உயரமான ஷெட் ஒன்றை எழுத்துப்பூர்வமான வாடகை ஒப்பந்தத்தில் எடுங்கள். 10 ஆண்டு வாடகையைக் கூட்டி, வேனுக்கான அந்த 0.7 சென்ட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது குறைவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒன்று மட்டும்: கொச்சியின் உப்புக்காற்றும் நீண்ட மழைக்காலமும் நிற்கும் வண்டியைத் துருப்பிடிக்க வைக்கும். தரை உயர்ந்த, காற்றோட்டமுள்ள ஷெட்டாகப் பாருங்கள்.

முன்பணத்துக்கு முன், இந்த வரிசையில்

1. வேனின் நீளம், அகலம், கூரைச் சாமான்களோடு சேர்த்த உயரம்: மூன்றையும் எழுதி வையுங்கள்.
2. வாரநாளில் அதே நீள வண்டியை வாசல் வரை ஓட்டிப் பாருங்கள்.
3. மூல ஆதாரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது, கைவசச் சான்று, அடிப்படை வரிப் பதிவேட்டின் நகல், அனுமதிக்கப்பட்ட கட்டட வரைபடம்: இவற்றைக் கேரளச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள்.
4. அரண்மனையிலிருந்து மனையின் தூரம், சிஆர்இசட் வரைபடத்தில் மனையின் இடம்: இரண்டுக்கும் எழுத்துப்பூர்வப் பதில் வாங்குங்கள்.
5. இப்போதே ஷெட் இருந்தால், அது அனுமதி பெற்ற வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இடிக்கும் உத்தரவும் வீட்டோடு சேர்ந்து உங்கள் கைக்கு வரலாம்.
6. கராஜ் கட்ட அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.

கடைசி வரியை எழுத விற்பவர் தயங்கினால், ஷெட் பற்றி அவர் சொன்னதை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.